காந்தத்தில் ஒட்டிய கறுப்பு மண்

என் வயிற்றில் பிறந்தும் இன்றுவரை எனக்குப் பிடிபடாத பிள்ளைக்கு, ராயபுரத்திலிருந்து உன் அம்மா எழுதுவது.

உன் கடிதம் வந்து பதினொரு நாள் ஆகிறது. உன் பேத்தி வள்ளிக்கு அடுத்த மாதம் ஆறு வயது முடிகிறது, பொம்மைக்குப் பதிலாக விஞ்ஞானச் சாமான் ஏதாவது வாங்கித் தரலாம் என்று பார்க்கிறேன், கோயமுத்தூர்க் கடைவீதியில் சீமைப் பெட்டி ஒன்றைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறான், விலை என் பாதி மாதச் சம்பளம், நீ என்ன சொல்கிறாய் அம்மா என்று கேட்டிருந்தாய். படித்ததும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. சந்தேகம்தான் வந்தது. பள்ளிக்கூடத்தை விட்டபோது நீ என்னைக் கேட்கவில்லை. மில்லில் ஃபிட்டர் வேலைக்கு மனுப் போட்டபோதும் கேட்கவில்லை. பெண் பார்த்து முடித்துவிட்டு வந்து, "நீயும் ஒரு தடவை பார்த்துடும்மா" என்றவன் நீ. அப்படிப்பட்டவன் ஒரு விளையாட்டுப் பெட்டி வாங்க என்னிடம் யோசனை கேட்கிறானா? அதுவும் கடிதத்தை முடித்துக் கையெழுத்துப் போட்ட பிறகு, அதற்குக் கீழே ஓரமாக ஒரு வரி: "அதில் ஒரு காந்தமும் இருக்கிறதாம்." அந்த வரியை நான் எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. வெளிச்சத்தில் பிடித்துக்கூடப் பார்த்தேன். ஒரு வரிக்குப் பின்னால் என்ன ஒளிந்திருக்கும் என்று தேடுவது என் புத்தி. அது உனக்குத் தெரியும்.

இந்தப் புத்தி எனக்குப் பிறவியிலேயே வந்ததா, வேலையில் வந்ததா என்று நானே யோசித்ததுண்டு. உன் அப்பா போனபோது உனக்கு மூன்று வயது. எட்டாவது வரை படித்திருக்கிறேன் என்பதால் தண்டையார்பேட்டையில் இருந்த அந்தச் சின்னத் தீப்பெட்டிக் கம்பெனியில் என்னைக் கேட்டில் நிறுத்தினார்கள். இப்போது அந்தக் கம்பெனியும் இல்லை, அந்தக் கொட்டகையும் இல்லை. சாயந்திரம் வேலை முடிந்து பெண்கள் வரிசையாக வருவார்கள். ஒவ்வொருத்தியும் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்பாள். நான் இடுப்பு மடியையும் கொண்டையையும் சோற்றுத் தூக்கையும் தடவிப் பார்த்து அனுப்ப வேண்டும். குச்சியோ, பெட்டியோ, குச்சியின் தலைக்கும் பெட்டியின் பக்கத்துக்கும் பூசுகிற மருந்துப் பொடியோ, சீட்டு இல்லாமல் வெளியே போகக் கூடாது. நாள் முழுக்க நின்ற உடம்புகளைத் தடவித் தடவி என் விரலுக்கே ஒரு கண் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகூட அந்தக் கண் மூடாது. கறிவேப்பிலை வாங்கினாலும் பையைக் கவிழ்த்துப் பார்ப்பேன். உன் பெண்டாட்டி முதல்முதலாக இந்த வீட்டுக்கு வந்தபோது, அவளுடைய தகரப் பெட்டியில் புடவைகளுக்கு அடியில் நான் கையை விட்டதை அவள் பார்த்துவிட்டாள். நீதான் சிரித்துக்கொண்டே, "கேட் பாஸ் இருக்கா?" என்று கேட்டாய். அவளும் சிரித்தாள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை, கண்ணு.

சரி, பெட்டி விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பெட்டியை நான் நம்பவில்லை. மேலே ஒட்டியிருக்கும் படத்தில் கழுத்துப் பட்டை கட்டிய ஒரு வெள்ளைக்காரப் பையன் இருப்பான், அவன் முகத்தில் ஆச்சரியம் வழியும். உள்ளே திறந்தால் பாதி இடத்தை அட்டை அடைத்திருக்கும். கண்ணாடிக் குழாய் இரண்டாம் நாள் உடையும். உடைந்தால் இன்னொன்று கோயமுத்தூரில் கிடைக்காது, அதற்கும் நீ சீமைக்கு எழுத வேண்டும். முக்கியமான சந்தேகம் இது: விலை கொடுத்து வாங்கிய சாமானைக் குழந்தை கையில் யார் தைரியமாகக் கொடுப்பார்கள்? "தொடாதே, அப்பா காட்டுகிறேன்" என்று நீயே வைத்துக்கொள்வாய். விளையாடுகிறவன் நீ, வேடிக்கை பார்க்கிறவள் அவள் என்று ஆகிவிடும். கடைக்காரனைக் கேள்: இது கெட்டுப்போனால் வீட்டில் இருக்கிற எதை வைத்துச் சரிசெய்யலாம்? அவன் முழித்தால் நீ கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடு. இன்னொன்றும் பார். சாவி கொடுத்தால் தானே ஓடுகிற எதையும் வாங்காதே. அது ஓடும், குழந்தை உட்கார்ந்திருக்கும்.

காசில்லாத வீட்டில் நீ என்னவெல்லாம் வைத்து விளையாடினாய் என்பது உனக்கு மறந்திருந்தாலும் எனக்கு மறக்கவில்லை, ஏனென்றால் ஒவ்வொன்றையும் நான் சந்தேகப்பட்டிருக்கிறேன். மஞ்சள் தண்ணீரில் நனைத்துக் காயவைத்த காகிதத் துண்டுகளைக் கதவிடுக்கில் வரிசையாகச் செருகி வைத்திருந்தாய். யாரோ மந்திரம் வைத்துவிட்டார்கள் என்று நான் தெருவையே கூட்டினேன். நீ வந்து ஒரு காகிதத்தில் சுண்ணாம்பைத் தொட்டு வைத்தாய், சிவந்துபோனது. இன்னொன்றில் எலுமிச்சம்பழம் பிழிந்தாய், மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது. சிவந்ததன் மேலேயே எலுமிச்சையை விட்டதும் அது திரும்பவும் மஞ்சளானது. சின்ன வயதிலிருந்து ஆரத்தி கரைப்பதைப் பார்த்தவள் நான், இந்தக் கணக்கு எனக்குத் தோன்றியதே இல்லை. கற்பூரத் துண்டைக் காகிதப் படகின் பின்னால் செருகித் தாம்பாளத் தண்ணீரில் ஓடவிட்டாய். சாமிக்கு வைத்ததை எடுத்தாய் என்று உதை வாங்கினாய். கூரையின் ஓட்டை வழியாகத் தரையில் விழுந்த வட்ட வெளிச்சத்தில் மேகம் நகர்கிறது என்று காட்டினாய். நான் ஓட்டையைத்தான் பார்த்தேன், மழைக்கு ஒழுகுமே என்று.

வள்ளிக்கு இதில் எதையும் நீ கொடுக்கலாம். ஒவ்வொன்றாகக் கொடு, ஒரே நாளில் எல்லாவற்றையும் கொட்டாதே. கற்பூரத்தைப் பற்றவைக்காமல் செய், பக்கத்திலேயே இரு. எல்லாவற்றுக்கும் மேலே தீப்பெட்டி டெலிபோனைச் செய்துகொடு. அதை உனக்கு யார் செய்து கொடுத்தது என்று ஞாபகம் இருக்கும். எதிர் வீட்டுக் குப்பம்மா. எங்கள் கம்பெனியில் பெட்டிப் பக்கத்துக்குக் கறுப்பு மருந்து தடவுகிறவள். அவள் நகக்கண்ணில் எப்போதும் கறுப்பு இருக்கும். நீ அவளை அத்தை என்றுதான் கூப்பிடுவாய். கழித்துப்போட்ட காலிப் பெட்டிகளையும், பெட்டி மேல் ஒட்டுகிற நீலக் காகிதத்தின் வெட்டுத் துண்டுகளையும் ரைட்டரிடம் சீட்டு வாங்கி உனக்காகக் கொண்டுவருவாள். கேட்டில் கணக்கெழுதுவதும், வேலைக்கு ஆள் சேர்ப்பதும் நிறுத்துவதும் அந்த ரைட்டர்தான். அவள் சீட்டை நீட்டும்போதுகூட நான் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பேன். "தொறந்து பாருக்கா, உள்ள யானை கீது" என்பாள். வரிசை முழுக்கச் சிரிக்கும்.

இரண்டு பெட்டியை ஓட்டை போட்டு நூல் கோத்து, ஒரு முனையை நீ பிடித்துக்கொண்டு எதிர் வீட்டில் நின்றாய். யுத்த சமயம் அது. யார் என்ன பேசுகிறார்கள் என்று எல்லாரும் எல்லாரையும் பார்த்துக்கொண்டிருந்த காலம். "யார்கிட்டடா பேசிகினு கீறே?" என்று கத்திக்கொண்டே இந்த முனையைப் பிடுங்கிக் காதில் வைத்தேன். பெட்டிக்குள்ளிருந்து, "ம்மா, நாந்தாம்மா" என்று உன் குரல் வந்தது. காதுக்குள்ளேயே நீ உட்கார்ந்து பேசினாற்போல இருந்தது. பெட்டியை நான் கீழே வைக்கவே இல்லை. உன் விளையாட்டில் நான் முழுசாகச் சந்தோஷப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

இனி எழுதப்போவதை எழுதாமல் இருப்பதற்காகத்தான் இவ்வளவு நேரம் மஞ்சளையும் கற்பூரத்தையும் பற்றி எழுதினேன் என்று உனக்கு இந்நேரம் சந்தேகம் வந்திருக்கும். நீ என் பிள்ளை, வராமல் இருக்காது.

உனக்கு அப்போது பத்து வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடு பெருக்கும்போது உன் துணிமூட்டைக்குப் பின்னால் ஒரு டப்பா அகப்பட்டது. திறந்தால் கறுப்புப் பொடி, மினுமினுவென்று. பக்கத்தில் அதே பொடியை ஒரு பொட்டலமாகவும் மடித்து வைத்திருந்தாய். மடித்த காகிதம் எங்கள் கம்பெனியின் நீலக் காகிதம். யுத்தத்தில் தீப்பெட்டிக்கே தட்டுப்பாடு, மருந்துக்குக் கெடுபிடி, தீப்பிடித்தால் அணைக்க வாளி வாளியாக மண்ணை நிரப்பிக் கொட்டகையைச் சுற்றி வைத்திருந்த நேரம். தடவிப் பார்க்கிறவள் வீட்டிலேயே மருந்து இருந்தால் என்ன ஆகும்? நீ உள்ளே வந்தாய், கையில் குதிரை லாடம்போல வளைந்த ஒரு இரும்பு.

"இன்னாடா இது?"

"மண்ணும்மா. கடக்கரை மண்ணு."

"கடக்கரை மண்ணு இம்மாங் கறுப்பா இருக்குமா? யாரு குட்த்தா, குப்பம்மாவா?"

"அத்த காயிதம்தாம்மா குட்த்துச்சு. அலை திரும்பிப் போற எடத்துல கறுப்பா கோடு கோடா கீதும்மா, அதுல எடுத்தேன். தோ, இந்தக் காந்தத்த வச்சா எழுந்து நிக்கும். காட்டறேன் பாரு."

"காந்தம் ஏது உனுக்கு?"

"காயலான் கடை பாய் குட்த்தாரு. பழைய மோட்டார்ல கழட்டினதாம். காலி பாட்டலு பொறுக்கிக் குட்த்தேன்."

"பாரும்மா, ஒரே ஒரு தபா பாரும்மா" என்று நீ டப்பாவை நோக்கிக் கையை நீட்டினாய். நான் அறைந்தேன். காந்தத்தைப் பிடுங்கினேன். எனக்கு எல்லாம் கோத்துக்கொண்டு வந்துவிட்டது. கறுப்பு மருந்து தடவுகிறவள் அவள், நகத்தில் கறுப்பு அவளுக்கு, நீலக் காகிதம் அவள் கொடுத்தது. இத்தனை நாள் காலிப் பெட்டிக்குச் சீட்டுக் காட்டிச் சிரிக்கவைத்தது எதற்காக? என் கண்ணை மறைக்கத்தான். இப்படி யோசித்தேன். ஒவ்வொரு முடிச்சும் அவ்வளவு சரியாக விழுந்தது. சந்தேகம் சரியாக விழுகிறபோது அதில் ஒரு ருசி இருக்கிறது, அதை நான் உன்னிடம் மறைக்க மாட்டேன்.

மறுநாள் சாயந்திரம் குப்பம்மாவை வரிசையை விட்டு வெளியே இழுத்தேன். நாற்பது பெண்கள் பார்க்க அவள் கொண்டையை அவிழ்த்தேன், முந்தானையை உதறினேன். ஒன்றும் இல்லை. "இன்னாக்கா, இன்னிக்கி யானைய தேடறியா?" என்று அப்போதும் சிரிக்கத்தான் பார்த்தாள். நான் பொட்டலத்தை எடுத்து ரைட்டரிடம் நீட்டினேன். எங்கள் தெருவில் அகப்பட்டது, இவள் கொண்டுபோனதுதான் என்றேன். உன் பெயரைச் சொல்லவில்லை. ரைட்டர் நீலக் காகிதத்தைப் பார்த்தார், கறுப்பைப் பார்த்தார், அவள் நகத்தைப் பார்த்தார். பற்றிக்கொள்ளப் போகிறது என்று பயந்து பொட்டலத்தை அப்படியே பக்கத்தில் இருந்த தீ வாளியில் கொட்டினார். வாளி நிறையக் கடற்கரை மண். அதில் இது விழுந்தது. அப்போதே அவளுடைய வேலைச் சீட்டைக் கிழித்து, நாளையிலிருந்து வராதே என்றார். குப்பம்மா அவிழ்ந்த முடியை முடிந்துகொள்ளாமலே வெளியே போனாள்.

அதற்கு அடுத்த நாள் காலையில், மிச்சம் டப்பாவில் இருக்கிற மருந்தை வீட்டில் வைத்திருக்கப் பயந்து, அதை அழித்துவிடலாம் என்று நினைத்தேன். உன்னைத் தண்ணீர் எடுத்துவரக் குழாயடிக்கு அனுப்பினேன். எதற்கும் பார்ப்போம் என்று ஒரு சிட்டிகை எடுத்து, தள்ளி நின்று அடுப்புத் தணலில் போட்டேன். ஒன்றும் ஆகவில்லை. ஒரு கைப்பிடி போட்டேன். தணல் அணைந்தது, அவ்வளவுதான். அரிசி டின்னில் ஒளித்துவைத்திருந்த காந்தத்தை எடுத்து டப்பாவுக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். அந்தக் கறுப்பு மொத்தமும் மயிர் சிலிர்த்தாற்போல எழுந்து நின்று காந்தத்தைக் கவ்விக்கொண்டது. மருந்து காந்தத்தில் ஒட்டாது. வருஷக்கணக்காக மருந்தோடு புழங்கியவள், அதுகூடவா எனக்குத் தெரியாது? நீ காட்டுகிறேன் காட்டுகிறேன் என்று கெஞ்சியது இதைத்தான். நான் அதைத் தனியாக, கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தேன்.

இதுவரை செய்தது தப்பு என்று நான் சொல்லவில்லை, கண்ணு. இதுவரை அது புத்திக்குறைவு. தப்பு இனிமேல்தான். அன்றைக்கே டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு போய், "இது மண், நான் பார்த்துவிட்டேன், அவளைக் கூப்பிடுங்கள்" என்று ரைட்டரிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் என் வேலை போகும். மண்ணுக்கும் மருந்துக்கும் வித்தியாசம் தெரியாதவளைக் கேட்டில் எதற்கு வைத்திருப்பார்கள்? புடவையைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன். ரைட்டர் என்னைப் பார்த்ததும், "நல்ல கண்ணும்மா உனக்கு" என்றார். நான் தலையை ஆட்டினேன். குப்பம்மாவும் அவள் வீட்டுக்காரரும் இரண்டு மாதத்தில் வீட்டைக் காலி செய்துகொண்டு வியாசர்பாடிக்குப் போனார்கள். துறைமுகத்தில் நிலக்கரிக் கூடை சுமக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். உன்னிடம், காந்தத்தைக் காசிமேட்டில் கடலில் போட்டுவிட்டேன் என்று சொன்னேன். நீ ஏன் என்று கேட்கவில்லை. அதற்குப் பிறகு நீ என்னிடம் எதையும் காட்டியதும் இல்லை. வயதாகிவிட்டது, விளையாட்டுப் புத்தி போய்விட்டது என்று நினைத்தேன். ஊரிலுள்ள எல்லாவற்றுக்கும் இரண்டாவது காரணம் தேடுகிறவள், இதற்கு மட்டும் தேடவில்லை.

இத்தனை வருஷம் கழித்து, "அதில் ஒரு காந்தமும் இருக்கிறதாம்" என்று எழுதுகிறாய். மூன்று நாள் பொறுத்தேன். நான்காம் நாள் பஸ் பிடித்து வியாசர்பாடிக்குப் போனேன். அவள் வீடு எங்கே, எத்தனையாவது சந்து, வாசலில் என்ன மரம் என்று எல்லாம் எனக்குத் தெரியும், இத்தனை வருஷமும் தெரிந்துதான் இருந்தது. குப்பம்மா வாசலில் உட்கார்ந்து முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். தலை முழுக்க நரைத்துவிட்டது. நகக்கண்ணும் வெளுத்திருந்தது.

"இன்னாமே, வயி இப்பத்தான் தெரிஞ்சுதா?" என்றாள். முன்பு என்னை அக்கா என்பாள்.

உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே சொன்னேன். டப்பாவையும் தணலையும் காந்தத்தையும், ரைட்டருக்கு முன்னால் தலையாட்டியதையும் சொன்னேன். அவள் முறத்தை நிறுத்தவில்லை.

"எனுக்குத்தான் அன்னிக்கே தெரியுமே" என்றாள்.

"உனுக்கு எப்டித் தெரியும்?"

"உம் புள்ள ஓடியாந்து சொன்னான். குழாயடிக்குப் போனவன் குடத்த மறந்துட்டுத் திரும்பி வந்துகீறான். நீ கதவச் சாத்திகினு காந்தத்த வச்சுப் பாத்தத ஜன்னலாண்ட நின்னு பாத்துட்டான். 'அத்தே, மண்ணுதான்னு அம்மாவும் பாத்துட்டாங்க, இனிமே பயமில்ல, உன்னிய வேலைக்கி கூப்ட்ருவாங்க'ன்னு மூச்சு வாங்கிகினு வந்து சொல்றான். நீ போயி சொல்லுவேன்னு அவன் நென்ச்சான். நானுந்தான் நென்ச்சேன். ஒரு வாரம் கதவாண்டயே குந்திகினு இருந்தேன்."

அவள் அரிசியிலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தாள்.

"நீ சொல்லலன்னதும், நானே போயி ரைட்டராண்ட சொல்றேன்னு குதிச்சான். நாந்தான் புட்ச்சு நிறுத்தினேன். எனுக்குப் புருசன் கீறாரு, உனுக்கு யாரு கீறா? உங்கம்மா வேல பூட்டா நீ சோறு துன்ன மாட்டே, வாயத் தொறக்காதேன்னு சத்தியம் வாங்கிகினேன். அழுதுகினே போனான்."

அப்புறம் முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "உன்னிய நான் மன்னிச்சிட்டேன்னு நென்ச்சிக்காத. அது எனுக்கு வரல. எங்கிட்ட வந்து சொல்றதுல இன்னா கீது? எனுக்குத் தெரிஞ்சதையே சொல்றே. வரிசைல நின்னாளுங்களே, அவுளுங்களாண்ட போயி சொல்லு."

வரும்போது பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்தவள், உடம்பு சரியில்லையா என்று கேட்டாள். நான் ஊரையே தடவிப் பார்த்தவள். என் வீட்டில், என் பக்கத்தில் படுத்துக்கொண்டு, என் கையால் சோறு தின்ற பிள்ளை இவ்வளவு பெரியதை உள்ளே வைத்திருந்தான். அது என் கையில் தட்டுப்படவே இல்லை. பத்து வயதில் உனக்கு அம்மா மேல் இருந்த நம்பிக்கை போனது, அதோடு அந்த அம்மாவைக் காட்டிக்கொடுக்காமல் இருக்க வேண்டிய பாரமும் ஏறியது. இரண்டையும் உன் தலையில் வைத்தவள் நான். எனக்கு உன் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

குப்பம்மா சொன்னபடி போய்க்கொண்டிருக்கிறேன். ரைட்டர் செத்துப்போய் ஆறு வருஷம் ஆகிறது. வரிசையில் நின்றவர்களில் எனக்கு முகவரி தெரிந்தவர்கள் ஒன்பது பேர். நேற்றுவரை நான்கு பேரிடம் சொல்லியாகிவிட்டது. ஒருத்தி கதவைச் சாத்தினாள். ஒருத்தி, "எந்தக் குப்பம்மா?" என்றாள், அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. இந்தக் கடிதத்தையும் நீ மடித்து ஒளித்து வைக்க வேண்டாம். உன் பெண்டாட்டிக்குப் படித்துக் காட்டு. எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்ததும் வள்ளிக்கும் கொடு. கேட்கிறவர் யாராக இருந்தாலும் படித்துக் காட்டு.

இனி உன் கேள்விக்குப் பதில். பெட்டி வாங்குவதும் வாங்காததும் உன் இஷ்டம், எனக்கு அந்தக் கடைக்காரன் மேல் இன்னும் நம்பிக்கை வரவில்லை. இந்தக் கடிதத்தோடு வரும் பார்சலில் உன் காந்தம் இருக்கிறது. கடலில் போடவில்லை. வலு போய்விடக் கூடாது என்று ஒரு ஆணியைக் குறுக்கே கவ்வவிட்டு அரிசி டின்னிலேயே வைத்திருந்தேன். ஒவ்வொரு முறை அரிசி அளக்கும்போதும் அது கையில் இடிக்கும். ஒரு டப்பாவில் கடற்கரைக் கறுப்பு மண்ணும் வைத்திருக்கிறேன், நேற்று நானே போய் அலையோரம் குனிந்து வாரினேன். வள்ளியை ஒரு அட்டை மேல் மண்ணைத் தூவச் சொல், அடியில் காந்தத்தை நகர்த்தச் சொல். நீ சீமைப் பெட்டியை வாங்கினாலும் அதிலுள்ள காந்தத்தையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது அதிகம் தூக்குகிறது என்று அவளையே சொல்லச் சொல். அவள் எதையாவது தூக்கிக்கொண்டு வந்து, "பாருப்பா" என்றால், கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டுப் பார். அப்போதே பார். சந்தேகப்படுவதையும் அவளுக்குக் கற்றுக்கொடு, அது நல்ல பழக்கம்தான். ஆனால் சந்தேகம் வந்த பிறகு செய்துபார்க்கவும், செய்துபார்த்ததில் தான் நினைத்தது பொய் என்று தெரிந்தால் அதை நாலு பேர் முன்னால் உரக்கச் சொல்லவும் கற்றுக்கொடு. கடைசி ஒன்று எந்தப் பெட்டியிலும் கிடைக்காது, நானும் உனக்குக் கொடுக்கவில்லை.

பிறந்தநாளுக்குப் பிறகு லீவு போட்டுவிட்டுக் குழந்தையைக் கூட்டிக்கொண்டு வா. ரயிலை விட்டு இறங்கியதும் நேரே இங்கே வராதே. வியாசர்பாடிக்குப் போ. "எம் பேத்திய கூட்டிகினு வரச் சொல்லு" என்றுதான் குப்பம்மா என்னை வழியனுப்பினாள். உன் மகளை அவள் தன் பேத்தி என்கிறாள், எனக்கு மறுத்துப் பேச என்ன பாத்தியதை இருக்கிறது? அவளிடம் வள்ளி மண்ணைக் காட்டட்டும். அவளிடம் இரு, சாப்பிட்டுவிட்டு, பொழுது இருக்கும்போதே இங்கே வா.

நான் வாசலில்தான் இருப்பேன். உன் பையைத் தடவிப் பார்க்க மாட்டேன். நீயாக எதையாவது எடுத்துக் காட்டினால், பார்க்கிறேன்.

அம்மா